டிரைவரம்மாவின் பெரிய வண்டி

நாலாம் வகுப்பு டீச்சருக்கு ஒருநாள் பாடம் நடத்த அலுப்பாக இருந்தது. பெரியவர்களானதும் என்ன ஆகப் போகிறீர்கள் என்று பெஞ்சு பெஞ்சாகக் கேட்டுக்கொண்டு வந்தார். டாக்டர், டாக்டர், இன்ஜினியர், மறுபடி டாக்டர் என்று வகுப்பே ஒரு பெரிய ஆஸ்பத்திரியாகிக்கொண்டிருந்தபோது, ஓரத்திலிருந்த ஒல்லிப் பெண் எழுந்து "பஸ் டிரைவர்" என்றாள். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. சிரிக்காதீங்க என்று அதட்டிய டீச்சரும் முகத்தைக் கரும்பலகைப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் அதட்டினார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் டிரைவரம்மா. கேலிக்கு வைத்த பெயர்தான், ஆனால் அவளுக்கு அது பட்டம் கொடுத்த மாதிரி இருந்தது. யாராவது மறந்துபோய் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு நிமிடம் கழித்துத்தான் திரும்பிப் பார்ப்பாள்.

அந்த வகுப்பிலிருந்து இதுவரை ஒரு டாக்டரும் வரவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சத்தமாகச் சிரித்த பையன் இப்போது செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருக்கிறான். நன்றாகவே ஒட்டுகிறான்.

டிரைவரம்மா மட்டும் சொன்ன சொல்லில் நின்றாள். நின்றது மட்டுமில்லை, வயது வாரியாகப் பிரித்தும் வைத்திருந்தாள். பதினெட்டில் லைசென்ஸ். இருபத்திரண்டில் பெரிய வண்டி லைசென்ஸ். இருபத்தைந்தில் பஸ். கல்யாணம், முப்பதுக்கு மேல், அதுவும் நேரம் இருந்தால். வீட்டுக்கு வந்தவர் போனவர், தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் இதை ஒப்பிப்பாள். எண்ணெய் வாங்க வந்த பக்கத்து வீட்டுக்காரி, வந்த வேலையை மறந்து வெறுங்கையோடு திரும்பிப் போயிருக்கிறாள்.

அம்மாவுக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. அப்பா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். சட்டைக் கம்பெனியில் பட்டன் தைத்துத்தான் அம்மா இவளை ஆளாக்கினாள். காலையும் மாலையும் நெரிசல் பஸ்ஸில் நின்றுகொண்டே போய் நின்றுகொண்டே வருபவளுக்கு பஸ் என்ற சொல்லே ஆகாது.

"உக்காந்து பாக்கற வேலையாப் பாருடி."

"பஸ் ஓட்டறதும் உக்காந்து பாக்கற வேலைதாம்மா."

"வாய் மட்டும் காது வரைக்கும் இருக்கு."

இப்படியே வருடக்கணக்காக நடந்தது. ஒருத்தி வேண்டும் என்பாள், இன்னொருத்தி வேண்டாம் என்பாள், நடுவில் சாப்பாடு ஆறிப்போகும்.

பெரிய வண்டி லைசென்ஸ் வரைக்கும் எல்லாம் சொன்னபடி நடந்தது. அதற்குமேல்தான் இடித்தது. பஸ் கம்பெனியில் ஆள் எடுக்கவில்லை. அடுத்த வருடம் பாருங்கள் என்றார்கள். அடுத்த வருடம் போனால், போன வருடமே வந்திருக்கலாமே என்றார்கள். சும்மா இருப்பானேன் என்று, தற்காலிகமாக, ஒரு டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுக்கப் போய்ச் சேர்ந்தாள். அந்தத் தற்காலிகம் ஒரு மாமாங்கம் ஓடியது.

ஸ்கூல் என்றால் மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை. சுவரில் வெயிலில் வெளுத்துப்போன சாலைக் குறிகள். மூலையில் ஒரு கம்பியின் மேல் வண்டியில்லாத ஸ்டியரிங் ஒன்று இருக்கும். காத்திருப்பவர்கள் அதைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கலாம். வாசலில் ஒரு சின்ன கார். அதில் கற்பவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்காரும் டிரைவரம்மாவுக்கு ஒரு பிரேக். முதலாளி ஏசி போட விடமாட்டார். போட்டால் படிக்க வந்தவர்கள் தூங்கிவிடுவார்களாம். டீசல் விலையை நினைத்து அவர் தூங்காமல் கிடப்பது வேறு விஷயம்.

ஆனால் அந்த வெந்துபோகிற காருக்குள் டிரைவரம்மா கொடிகட்டிப் பறந்தாள். காரில் ஏறியதும் வாயைத் திறந்தால் இறங்கும்வரை மூடமாட்டாள். "கிளட்ச மெதுவா விடுங்க, அது கோவக்கார மாமனாரு, பட்டுனு விட்டா எந்திரிச்சுக் குதிப்பாரு." "கண்ணாடி பாருங்க, உங்க மூஞ்சிய இல்ல, பின்னாடி வர்ற லாரிய." "பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது, நான் இருக்கேன்ல." ஸ்டியரிங்கைக் கழுத்தை நெரிப்பதுபோல் பிடிக்கிறவர்களுக்கு ஒரு பேச்சு, அலட்சியமாக ஒற்றைக் கையில் பிடிக்கிறவர்களுக்கு ஒரு பேச்சு. சாலையில் நடுநடுங்கி அழ ஆரம்பித்த ஒரு வங்கி அதிகாரியிடம், உங்கள் வீட்டில் காலையில் யார் முதலில் எழுந்திருப்பது என்று விசாரித்தபடியே நாலு தெரு ஓட்டவைத்துவிட்டாள். அவருக்கு அது பிறகுதான் தெரிந்தது. மிஸ், மிஸ் என்று எல்லோரும் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

அவளைக் கேட்டால் அதெல்லாம் ஒரு வேலையே இல்லை. பஸ் வரும்வரை நிற்கிற நிழற்குடை, அவ்வளவுதான்.

அங்கே வந்தவர்தான் பேக்கரிக்காரர். பேக்கரி வேனை அவரே ஓட்டினால் ஓர் ஆள் மிச்சம் என்று அவர் வேலைசெய்த கடையின் சொந்தக்காரர் அனுப்பிவைத்திருந்தார். மாவு பிசையும் கை. கியரையும் பிசைவார். வலது என்றால் யோசித்துவிட்டு இடது பக்கம் திருப்புவார். தேர்வில் மூன்று முறை தோற்றார். மூன்று முறையும் மனம் தளராமல் கிரீம் பன்னோடு மறுபடி வந்து நின்றார். நான்காவது முறை பணம் கட்ட வந்தவரிடம் டிரைவரம்மா நேராகவே சொன்னாள்.

"சார், உங்களுக்கு வண்டி வராது. எதுக்கு வீணா காசக் கரைக்கிறீங்க?"

"அது எனக்கு ரெண்டாவது தடவையே தெரியும் மிஸ்," என்றார் அவர். காதுவரை சிவந்துபோயிருந்தது.

அட்டவணைப்படி முப்பதுக்கு மேல் வரவேண்டிய கல்யாணம் இருபத்தேழில் வந்து உட்கார்ந்துகொண்டது. பேக்கரிக்காரர் இன்றுவரை வண்டி ஓட்டமாட்டார். இன்றுவரை அவளை மிஸ் என்றுதான் கூப்பிடுகிறார்.

இருபத்தைந்தில் பஸ் என்பது முப்பதில் பஸ் என்றாகி, அதுவும் தாண்டி, கேட்பவர்களே கூச்சப்பட்டுக் கேட்பதை நிறுத்திவிட்ட சமயத்தில், ஒருநாள் வகுப்பு நடுவே போன் வந்தது. பஸ் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள். வயது வரம்பில் அவள் நூலிழையில் உள்ளே இருந்தாள். டிரைவரம்மாவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பக்கத்தில் ஓட்டிக்கொண்டிருந்த மாணவர் நிறுத்தத் தெரியாமல் அந்தத் தெருவை இரண்டு முறை சுற்றி வந்தார். தேர்வுக்குப் போனாள், பஸ்ஸைப் பின்பக்கமாக எடுத்துச் சுவருக்கும் தூணுக்கும் நடுவில் நிறுத்திக் காட்டினாள், வேலை கிடைத்துவிட்டது. ஆறு மாதம் பயிற்சிக் காலம். அதற்குப்பின் கையெழுத்துப் போட்டால் நிரந்தரம். போட்டவர்கள் ஐந்து வருடம் விலகக்கூடாது.

முதலாளி கண்கலங்கினார். அன்று ஒருநாள் ஏசி போட்டார்.

வீட்டில்தான் கூத்து. இத்தனை வருடமாக வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்ற அம்மா, சீருடை போட்டுக்கொண்டு வந்த மகளைப் பார்த்ததும் தலைகீழாக மாறிவிட்டாள். தோளைத் தொட்டாள். பட்டன்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து, தையல் பரவாயில்லை என்றாள். பிறகு தெருவுக்குப் போய் ஒவ்வொரு வீடாகச் சொல்லிவிட்டு வந்தாள். சின்ன வயதிலிருந்தே என் பெண்ணுக்கு நான்தான் தைரியம் கொடுத்து வளர்த்தேன் என்றுகூட ஒரு வீட்டில் சொன்னதாகத் தகவல். டிரைவரம்மா வாயைப் பிளந்தாள், ஆனால் மறுத்துப் பேசவில்லை. சந்தோஷமாக இருக்கிற அம்மாவை அவள் அதிகம் பார்த்ததில்லை.

அவளுக்குக் கொடுத்தது நகரத்தைச் சுற்றிவரும் பஸ். டிப்போவில் கிளம்பி, ஆஸ்பத்திரி, பாலம், சந்தை, ரயில் நிலையம் என்று வட்டமடித்து டிப்போவுக்கே திரும்பும். முதல் நாள் இருக்கையில் ஏறி உட்கார்ந்தபோது ஊரே காலுக்குக் கீழே இருந்தது. ஸ்டியரிங் சாப்பாட்டுத் தாம்பாளத்தைவிடப் பெரிது. கதவு மூடும் காற்றுச் சத்தம் கேட்டு அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. நாலாம் வகுப்பு ஒல்லிப் பெண் அன்றைக்கு ஜெயித்தாள், அதில் சந்தேகமே வேண்டாம்.

டிரைவர் இருக்கையைச் சுற்றிக் கண்ணாடித் தடுப்பு. மேல்பக்கம் மட்டும் கொஞ்சம் திறந்திருக்கும். அதில் சிவப்பு எழுத்தில் "ஓட்டுநரிடம் பேசாதீர்கள்" என்று ஒட்டியிருந்தது. இதென்ன பிரமாதம் என்று அவள் அதைப் பொருட்படுத்தவில்லை.

இரண்டாவது வாரம் டிப்போ மேலாளர் கூப்பிட்டு அனுப்பினார். மேசையில் பயணிகளின் புகார்கள்.

"ஓட்டும்போது போன்ல பேசறீங்களாமே?"

"சத்தியமா இல்ல சார். போன பெட்டில பூட்டிட்டுத்தான் வண்டிய எடுக்கறேன்."

"ஒருத்தர் இல்ல, ஏழெட்டுப் பேர் சொல்றாங்க. பேசிக்கிட்டே ஓட்டறீங்களாம். அதுவும் என்ன பேச்சு? ஒரு பெரியவர் நடுவழியிலயே இறங்கி ஓடிட்டாராம். 'பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது, பிரேக்கத் தேடாதீங்க'ன்னு டிரைவரே சொன்னா யாரு உக்காருவாங்க?"

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பன்னிரண்டு வருடப் பழக்கம். ஸ்டியரிங்கைப் பார்த்தால் வாய் தானாகப் பாடம் நடத்துகிறது. கிளட்சை விடும்போது மெதுவாக விடுங்க என்கிறது, திருப்பத்தில் கண்ணாடி பாருங்க என்கிறது. பக்கத்தில் மாணவர் இல்லை என்பது அவளுக்குத் தெரியும், வாய்க்குத் தெரியவில்லை. தடுப்பின் மேல்திறப்பு வழியாக அத்தனையும் முன்வரிசைக்குப் போயிருக்கிறது.

அசடு வழிய விஷயத்தைச் சொன்னாள். மேலாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார், கண்ணீர் வரும்வரை சிரித்தார். துடைத்துக்கொண்டு கண்ணாடியை மறுபடி போட்டதும் மேலாளராகிவிட்டார். "இனிமே வாயத் தொறக்கக்கூடாது. ஒரு வார்த்தை வரக்கூடாது. நல்ல டிரைவரு நீங்க, உங்கள இழக்க நான் தயாரா இல்ல."

அன்றிலிருந்து வாயைக் கட்டினாள். உதட்டைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். புதினா மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டு ஓட்டினாள். ஒரு மாதத்தில் வாய் அடங்கியது. புகார் நின்றது. நேரத்துக்குக் கிளம்பி நேரத்துக்குச் சேர்ந்த டிரைவர் என்று டிப்போ பலகையில் பெயர்கூடப் போட்டார்கள்.

அப்புறம்தான் அவளுக்குப் புரிந்தது. பேசாமல் இருந்தால் இந்த வேலையில் மிச்சம் என்ன இருக்கிறது? சாலை இருக்கிறது, சிக்னல் இருக்கிறது, முதுகுக்குப் பின்னால் அறுபது பேர் ஏறி இறங்குகிறார்கள், ஒருவர் முகமும் தெரியாது. அதே பாலம், அதே சந்தை, மறுபடி அதே பாலம். இதைப் பிடித்துச் செய்கிறவர்கள் டிப்போவில் எத்தனையோ பேர். பக்கத்து வண்டி டிரைவருக்கு அந்த அமைதிதான் சொர்க்கம். வீட்டில் ஐந்து பிள்ளைகளாம். டிரைவரம்மாவுக்கோ நாள் முடிந்து இறங்கும்போது, யாரோ அவளை ஒரு பாட்டிலில் போட்டு மூடி வைத்திருந்து திறந்துவிட்ட மாதிரி இருந்தது. வீட்டுக்குப் போய் பேக்கரிக்காரரிடம் ஒரே மூச்சில் கொட்டுவாள். அவர் பாவம், அதிகாலை எழுந்த மனுஷர், உம் கொட்டியபடியே சாய்ந்துவிடுவார்.

ஆசைப்பட்டது கிடைக்கவில்லை என்று அழுதால் நாலு பேர் ஆறுதல் சொல்வார்கள். கிடைத்தபிறகு இது இல்லை என்று அழுதால் கொழுப்பு என்பார்கள். அவளே தன்னை அப்படித்தான் திட்டிக்கொண்டாள். ஊர்முழுக்க ஒப்பித்தாயே, இப்போது எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வாய்?

ஊரைக்கூட விட்டுத்தள்ளலாம். அம்மா?

அம்மா இப்போது சட்டைக் கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்றிருந்தாள். மகள் ஓட்ட ஆரம்பித்த முதல் வாரமே ஒரு மதியம் கைப்பையோடு நிறுத்தத்தில் நின்றாள். ஏறி, டிரைவருக்கு நேர்ப்பின்னால் இல்லாமல் அந்தப் பக்கத்து முன் சீட்டில், பெரிய கண்ணாடிக்கு எதிரில் உட்கார்ந்தாள். ஒரு முழுச் சுற்று வந்து ஏறிய இடத்திலேயே இறங்கினாள். மறுநாளும் வந்தாள். அதற்கடுத்த நாளும். மதியத் தூக்கத்தை உயிராக நினைக்கிற அம்மா, அதை விட்டுவிட்டுத் தினமும் வந்தாள். "டிரைவர அவசரப்படுத்தாதீங்க, படியப் பாத்து ஏறுங்க" என்று கண்டக்டருக்குப் போட்டியாகக் குரல் கொடுத்தாள். கண்டக்டர் அவளுக்கு உதவி கண்டக்டர் என்று பெயர் வைத்தார். ஒவ்வொரு முறை அம்மா ஏறும்போதும் டிரைவரம்மாவின் நெஞ்சில் ஒரு கல் ஏறும். பெருமையில் மிதக்கிற இவளிடம் எனக்கு வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

நாலாவது மாதம், காலை முதல் சுற்றில் தினமும் முன்வரிசையில் உட்காரும் நர்ஸ், ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் இறங்காமல் தடுப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"பேசக்கூடாதுன்னு போட்டிருக்கு. ஆனா ஒண்ணு கேக்கணும். ஏன் நிறுத்திட்டீங்க?"

"வண்டியையா? உங்க ஸ்டாப்தாங்க இது."

"பேச்ச நிறுத்திட்டீங்களே, அத. எனக்கு ஸ்டியரிங்னாலே உடம்பெல்லாம் நடுங்கும். ரெண்டு ஸ்கூல்ல சேர்ந்து பாதியில ஓடிவந்தவ நான். நீங்க பேசினத தினமும் உக்காந்து கேட்டேன். மடியில கைய வெச்சு கியர் போட்டுப் பாத்தேன். மூணாவது கியர் வரைக்கும் வந்துட்டேன். திடீர்னு நிறுத்திட்டீங்க. நான் ரெண்டு மாசமா மூணாவது கியர்லயே நிக்கறேன்."

பின்னாலிருந்து கண்டக்டர் விசில் ஊதினார். டிரைவரம்மா இடம் வலம் பார்த்தாள், மேலாளரை நினைத்தாள், தொண்டையைச் செருமினாள். "கிளட்ச அமுக்குங்க. கியர கீழ இழுங்க, நாலு. அவ்ளோதான். ஒண்ணும் ஆகாது." நர்ஸ் படியில் நின்றபடியே காற்றில் கியரை இழுத்தாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். அன்றைக்கு மீதிச் சுற்றெல்லாம் டிரைவரம்மா தனியாகச் சிரித்துக்கொண்டே ஓட்டினாள். சிரிப்பதற்குத் தடை ஏதும் இல்லை.

நர்ஸ் விடவில்லை. எங்கள் வார்டில் மட்டும் என்னைப்போல் ஆறு பேர் இருக்கிறோம், திட்டாத ஆள் கிடைத்தால் வந்துவிடுவோம் என்றாள். டிரைவரம்மாவுக்குள் ஒரு கணக்கு ஓட ஆரம்பித்தது. பயந்தவர்களுக்கு மட்டுமென்று ஒரு வகுப்பு. முதலாளியின் கார் மதியமெல்லாம் சும்மா நிற்கிறது. இத்தனை வருடமும் அவள் நிழற்குடை என்று நினைத்தது நிழற்குடை இல்லையோ? நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது, ஆசையாகவும் இருந்தது. ஓடுமா ஓடாதா என்று யாருக்குத் தெரியும்? நிரந்தர வேலையை விட்டுவிட்டு அதற்குப் போவது பைத்தியக்காரத்தனமாகவும் பட்டது.

ஒரு மாலை நேராகப் பேக்கரிக்குப் போனாள். கணவர் ரொட்டித் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன மிஸ், முகம் இப்படி உப்பியிருக்கு?"

எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தட்டை வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார். மாவு பறந்தது.

"நான் வண்டி ஓட்டத்தான வந்தேன்? வரல. அதுக்காக ஒக்காந்து அழுதேனா? வேனுக்கு வேற ஆள் போட்டாங்க, எனக்கு நீ கிடைச்ச. கிடைச்சத விட்டுட்டு வண்டிதான் வேணும்னு நின்னிருந்தா இன்னும் அந்த கம்பி ஸ்டியரிங்கத்தான் திருப்பிக்கிட்டு இருப்பேன்."

"உங்களுக்கு வண்டி கிடைக்கல. எனக்குக் கிடைச்சு, நான் வேணாங்கறேன். வேற வேறங்க."

அவர் யோசித்தார். "ஆமா, வேறதான். உன்னுது கஷ்டம். ஆனா ரொட்டி நம்ம வீட்டுல எப்பவும் இருக்கும், அதுக்கு நான் பொறுப்பு."

"சரி, அம்மாகிட்ட யாரு சொல்றது? நீங்க சொல்றீங்களா?"

"அத்தைகிட்டயா?" என்றவர், உள்ளே அடுப்பில் ரொட்டி தீய்கிறது என்று ஓடிவிட்டார். அடுப்பு அணைந்து அரை மணி நேரமாகியிருந்தது.

கையெழுத்துப் போடவேண்டிய நாளுக்கு முந்தின நாள். மதியச் சுற்று ரயில் நிலையத்தில் பத்து நிமிடம் நிற்கும். எல்லோரும் இறங்கிவிட்டார்கள், கண்டக்டர் டீ குடிக்கப் போய்விட்டார். அம்மா மட்டும் முன் சீட்டில் வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தாள். டிரைவரம்மா தடுப்புக் கதவைத் திறந்துகொண்டு வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். தன் பஸ்ஸில் பயணி இருக்கையில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"அம்மா, நாளைக்குக் கையெழுத்து."

"தெரியும். எதிர் வீட்டுக்காரிகிட்டகூட சொல்லிட்டேன்."

"நான் போடப்போறதில்லம்மா."

கடலையை உரித்துக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. டிரைவரம்மா படபடவென்று சொல்லி முடித்தாள். கண்ணாடித் தடுப்பு, மிட்டாய், நர்ஸ், பயந்தவர்கள் வகுப்பு, எல்லாம். முடிந்ததும்தான் அம்மா திரும்பினாள்.

"இருபத்தஞ்சு வருஷமா வேணாம் வேணாம்னு சொன்னேன். கேக்கல. இப்ப எல்லாரும் நல்லதுன்னு சொல்றப்ப வேணாங்கற. என் வாழ்நாள்ல ஒரு தடவையாவது நான் சொன்னதும் நீ செஞ்சதும் ஒண்ணா இருந்திருக்காடி?"

டிரைவரம்மாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "உன் முகத்துல எப்படி முழிக்கறதுன்னுதாம்மா இத்தனை நாளாச் சொல்லல. தூக்கத்தையெல்லாம் விட்டுட்டு எனக்காகத் தினமும் வந்து உக்காந்திருக்க. உனக்கு எவ்ளோ பெருமைன்னு எனக்குத் தெரியாதா?"

"யாரு உனக்காக வந்தா?" என்றாள் அம்மா.

டிரைவரம்மா கண்ணைத் துடைப்பதை நிறுத்தினாள்.

"முத நாளு உனக்காகத்தான் வந்தேன், பொய் சொல்லல. ரெண்டாம் நாள் பாலத்து மேல ஏறினப்பவே உன்ன மறந்துபோச்சு." அம்மாவின் குரல் அவளுக்குப் பழக்கமில்லாத குரலாக இருந்தது. கொஞ்சம் வெட்கப்பட்ட குரல். "கம்பெனிக்குப் போக ஏறுவேன், நசுங்கிக்கிட்டு. உங்கப்பாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக ஏறினேன், அழுதுக்கிட்டு. எங்கயும் இறங்கவேண்டாம்னு ஒரு பஸ்ஸுல ஏறினதே இல்லடி. இப்ப ஜன்னலோரம், எடம் புடிக்கவேண்டாம், நேரமாச்சுன்னு பயம் வேண்டாம். பாலத்துக்குக் கீழ ஒருத்தன் தினமும் நாயக் குளிப்பாட்டறான், அது தினமும் ஓடப்பாக்குது. சந்தைக்கு எதிர்ல பச்சை வீடு கட்டறாங்களே, போன வாரம் ரெண்டாவது மாடி போட்டுட்டாங்க. இதெல்லாம் பாக்காம எனக்கு மதியம் தூக்கம் வேற வருமா?"

டிரைவரம்மா தன் ஆசையை அம்மாவிடம் பத்தாயிரம் தடவை சொல்லியிருப்பாள், சாப்பாட்டில், சண்டையில், காய்ச்சலில்கூடச் சொல்லியிருப்பாள். உனக்கு என்னம்மா ஆசை என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அதை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"அப்ப நான் ஓட்டலன்னா?"

"ஓட்டலன்னா பஸ் நின்னுடுமா? வேற யாராவது ஓட்டுவாங்க. மூத்தவங்களுக்கு மாசப் பாஸ் இருக்காம், கண்டக்டர் தம்பி எடுத்துத் தரேன்னுட்டான்." அம்மா ஒரு கடலையை மகளின் கையில் வைத்தாள். "புதுசா வர்றவங்ககிட்ட ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போ. பாலத்து மேல கொஞ்சம் மெதுவாப் போகச் சொல்லு."

மேலாளர் வருத்தப்பட்டார். முதலாளி மதியக் காரைத் தர சம்மதித்தார், டீசல் அவள் செலவு என்பதை மூன்று முறை உறுதிசெய்துகொண்ட பிறகு. வார்டிலிருந்து ஆறு பேர் என்று சொல்லி நான்கு பேர்தான் வந்தார்கள். அப்புறம் ஒரு தையல்காரர், பேரப்பிள்ளை பிறந்த ஒரு பெரியவர், தேர்வில் ஐந்து முறை தோற்ற ஒரு வக்கீல். சில மாதம் நன்றாகப் போகிறது, சில மாதம் கைக்கும் வாய்க்கும் இழுபறி. ஐம்பது வயதுக்குள் சொந்தமாகப் பத்து கார் என்று டிரைவரம்மா இப்போது சொல்லிக்கொண்டு திரிகிறாள். வயது வாரியாகப் பிரிக்கிற குணம் போகவே போகாது. ஆனால் எப்படி மிஸ் என்று யாராவது கேட்டால், "இப்போதைக்கு அப்படி, நடுவுல என்ன வருதோ" என்று சேர்த்துக்கொள்கிறாள். முன்பெல்லாம் இந்த வால் கிடையாது.

போன வாரம் நர்ஸ் ஓட்டிக்கொண்டிருந்தாள். பாலத்துக்கு முந்தின சிக்னலில் சிவப்பு. குறுக்குச் சாலையில் சுற்று பஸ் மெதுவாக வந்தது. புது டிரைவர் ஓர் இளைஞன். முன் சீட்டில், பெரிய கண்ணாடிக்குப் பின்னால், அம்மா. மடியில் கைப்பை. முகத்தை ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு, பாலத்துக்குக் கீழே எதையோ எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதைப் பார்த்தாளோ, வாய்விட்டுச் சிரித்தாள்.

"மிஸ், உங்க அம்மா!" என்று நர்ஸ் பரபரத்தாள். "நம்மளப் பாக்கவே இல்ல. ஹார்ன் அடிக்கட்டா?"

டிரைவரம்மாவுக்கும் கையை ஆட்டிக் கூப்பிட ஆசையாகத்தான் இருந்தது. பாதி தூக்கிய கையை இறக்கிக்கொண்டாள்.

"வேணாம்," என்றாள். "அவங்க வேலையா இருக்காங்க."